ஷெல் என்றால் சிப்பி

ஐந்நூறு சொற்களில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்துவிட்டன. ஷெல்ஃப் என்பதற்கு நேரே இறாக்கை என்று எழுதியிருந்தது, ஷெல்ட்டர் என்பதற்கு நேரே புகலிடம் என்று எழுதியிருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஷெல் என்ற சொல்லுக்கு நேரே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. குணநாயகம் மாஸ்ரர் மேசையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு அந்த வெறும் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை. பின்பக்கக் குசினியில் அவருடைய மனைவி நகுலேஸ்வரி இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். கோது ஒரு சத்தத்தோடும் சதை இன்னொரு சத்தத்தோடும் சட்டிகளுக்குள் விழுந்தன. கோது விழுகிற சத்தம்தான் மெல்லியது, கவனித்துக் கேட்டால்தான் கேட்கும், அவர் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கையேடு ஒன்று செய்து தாருங்கோ சேர் என்று ஜசிந்தா ரீச்சர் கேட்டபோது, ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிற மனிதனுக்கு நல்ல வேலை என்றுதான் ஒப்புக்கொண்டார். சின்னப்பிள்ளைகள் குழம்பக்கூடாது, ஒரு சொல், ஒரு பொருள், ஒரு வாக்கியம் என்ற விதியையும் அவரே போட்டார். நேற்றுப் பின்னேரம் ரீச்சர் போன் எடுத்தா. "சேர், நாளையிண்டைக்கு, திங்கட்கிழமை, அச்சகத்துக்குக் குடுக்கவேணும். எஸ் எழுத்திலை ஒரு வரி வெறுமையாக் கிடக்கு, மறந்துபோனியளோ?" "மறக்கேல்லை ரீச்சர்." "சிப்பி எண்டு போட்டா முடிஞ்சுது தானே சேர்?" "ஓம், முடிஞ்சுது." சொல்லிவிட்டு வைத்தார். சிப்பி. மூன்று எழுத்து. முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்த கைக்கு மூன்று எழுத்து எழுத எவ்வளவு நேரம் வேண்டும்?

சிப்பி என்றால் மட்டும் போதுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பண்டிதத்தனமாக யோசித்தால் தப்பிவிடலாம் என்று அவருக்குத் தெரியும், எப்போதும் அப்படித்தான் தப்பியிருக்கிறார். முட்டைக்குக் கோது, கச்சான் கடலைக்கும் கோது, ஆமைக்கு ஓடு, விளாம்பழத்துக்கும் ஓடு, நத்தைக்குக் கூடு, தேங்காய்க்குச் சிரட்டை, கடலில் கிடப்பது சிப்பி, சோகி, ஊரி, சங்கு, மட்டி. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்து எவ்வளவு அக்கறையாகப் பிரித்திருக்கிறார்கள், இங்கிலிசுக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். உள்ளே மெத்தென்று ஒன்று இருந்து அதைச் சுற்றி வன்மையாக ஒன்று இருந்தால் அவனுக்கு அது ஷெல். உள்ளே இருந்தது போனாலும் ஷெல். போர் முடிந்து மீள்குடியேறி வந்த வருடம், வீட்டுத்திட்டத்துக்கு அளக்க வந்த இஞ்சினியர் பெடியன் இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படிவத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினான். கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இருந்த இடங்களில் நாயுண்ணிப் பற்றை. நகுலா எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ஷெல் எண்டு எழுதியிருக்கிறார். ஷெல் விழுந்தது எண்டோ?" என்று கேட்டாள். "இல்லை, சுவர் மட்டும்தான் மிச்சம் எண்டு" என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள்.  முகாமில் இருந்தபோது ஆறுதல் சொல்ல வந்த வெள்ளைக்கார அம்மாவும் இதே சொல்லைத்தான் சொன்னா, கணவன் தன் ஓட்டுக்குள்ளே போய்விட்டார், மெல்ல மெல்ல வெளியே வருவார் என்று. மொழிபெயர்க்க வந்த பிள்ளை அதற்குத் தமிழ் தெரியாமல் விழித்தது. உங்கடை ஆள் ஷெல்லுக்குள்ளை போயிட்டாராம் அன்ரி என்று சொன்னது. நகுலா திடுக்கிட்டு எழும்பியதும், அந்தப் பிள்ளையைக் கோபிக்காமல் அவரே திருத்திச் சொன்னதும், அதைப் பார்த்து வெள்ளைக்கார அம்மா, இதோ வெளியே வந்துவிட்டாரே என்று சந்தோசப்பட்டதும் அவருக்கு நினைவு வந்தன.

சட்டியில் கோது விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

வகுப்பில் இந்தச் சொல்லைப் படிப்பித்த நாட்கள் இருந்தன. தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, ஏழாம் வகுப்பு, ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடம். பாடத்தில் ஒரு பெட்டைப்பிள்ளை கடற்கரையில் நின்று என் கையில் ஒரு ஷெல் இருக்கிறது என்று சொல்லும். அவர் வாசித்தவுடனே வகுப்பு முழுக்க உறைந்தது, பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "வெடிக்காததோ சேர்?" என்று கேட்டான். என்ன சிரிப்பு அன்றைக்கு! அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத மாட்டுக்காரருக்கும் மீன்காரிக்கும் அந்த ஒரு சொல் பீரங்கிக் குண்டாகத் தெரிந்திருந்தது. தமிழ் எழுத்தில் எழுதி, தமிழ் வாயால் சொல்லி, ஷெல் அடிக்கிறான், ஷெல் விழுந்தது, ஷெல் பீஸ் பட்டது என்று எல்லா வேற்றுமையும் போட்டுச் சொந்தமாக்கி வைத்திருந்தார்கள். தூரத்தில் அதை ஏவுகிறபோது குத்துகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவார்கள். எத்தனை எண்ணினால் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அந்தச் சொல்லுக்குச் சிப்பி என்று பொருள் எழுதினால் இங்கே எந்தத் தகப்பன் ஒப்புக்கொள்வான்? எந்தத் தகப்பன். பேனை கடதாசியில் பட்டு ஒரு மைப்பொட்டு விழுந்தது. அவர் அதை ஒற்றி எடுத்தார். தகப்பன் என்ற சொல் எப்படி வந்தது, சிரட்டையைப் பற்றியல்லவா யோசித்துக்கொண்டிருந்தோம், சிரட்டையிலிருந்து ஆமைக்குப் போயிருக்கலாம், ஆமையிலிருந்து எங்கேயும் போயிருக்கலாம். எங்கே தொடங்கினாலும் மணலில்தான் போய் நிற்கிறது. எந்தப் பாதையை எடுத்தாலும் அந்த மணல்.

மாத்தளன் மணல். போரின் கடைசி மாதங்களில் எழுபது நாள் அந்தக் கடற்கரையில் இருந்தார்கள். தறப்பாள் கொட்டில், பக்கத்தில் ஆளுயரத்துக்கு மண்ணில் தோண்டிய பங்கர். மண் சரியாமல் இருக்க மூட்டை வேண்டும், மூட்டைக்குச் சாக்கு இல்லை, நகுலா தன் சேலைகளைக் கிழித்துத் தைத்தாள்; கூறைச்சேலையைக் கடைசியாகக் கிழித்தாள். பிள்ளைக்கு ஏழு வயது. ஆரபி. பங்கருக்குள் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பாள். சத்தத்துக்குப் பயப்படுவதை விட அந்தச் சொல்லுக்குப் பயந்தாள். யாராவது ஷெல் என்று சொன்னால் போதும், சாதாரணமாகக் கதையோடு கதையாகச் சொன்னாலும், உடுப்போடு சலம் போய்விடும். சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்களிலும் அவர் அவளுக்குத் தினம் ஐந்து ஆங்கிலச் சொல் சொல்லிக்கொடுப்பார், படிப்பு விட்டுப்போகக்கூடாது என்று. ஒரு நாள் அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்பா, ஷெல் எண்டா என்ன?" அவர் மண்ணைக் கிளறினார். விரல்நுனி அளவில் ஒரு ஊரி வந்தது, வெள்ளையில் மண்ணிறக் கோடு போட்டது. "இதுதான் பிள்ளை ஷெல்." "பொய்." "பொய் இல்லைக் குஞ்சு. இங்கிலிசிலை இதுக்குத்தான் ஷெல் எண்டு பேர்." சட்டைப்பையிலிருந்த சின்ன அகராதியை எடுத்துக் காட்டினார். முதலாவது பொருள் அதுதான், அச்சில் இருந்தது, பொய்யே இல்லை. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு சிரித்தாள், முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். மறுநாளிலிருந்து ஊரி பொறுக்கத் தொடங்கினாள். கையைப் பொத்திக்கொண்டு வந்து, "அப்பா, இண்டைக்கு அஞ்சு ஷெல் விழுந்தது" என்று விரித்துக் காட்டுவாள். பக்கத்துக் கொட்டில் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவருக்கு அப்போது என்ன மனநிலை? பெருமை. ஓம், பெருமைதான், அதை இப்போது மறைத்து என்ன. ஒரு சொல்லின் பொருளை மாற்றி ஒரு பிள்ளையின் பயத்தைத் தீர்த்த வாத்தியார். மகா கெட்டிக்காரன்.

பிறகு அந்தக் காலை. அதை அவர் நேரே பார்ப்பதில்லை, பக்கவாட்டால் பார்ப்பார். கஞ்சி வரிசையில் நின்றார். வெய்யில் ஏறிவிட்டது. முன்னால் நின்ற ஆளின் முதுகில் வேர்க்குரு, அதன் ஒவ்வொரு புள்ளியும் நினைவிருக்கிறது. யாரோ "ஷெல் வருது, ஷெல்!" என்று கத்தினார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாது. எல்லாரும் விழுந்தார்கள், அவரும் விழுந்தார், விழுந்தபடி தலையைத் தூக்கித் தங்கள் கொட்டில் பக்கம் பார்த்தார். இருநூறு மீற்றர் இருக்கும். பிள்ளை வெளியே நின்றாள். மஞ்சள் சட்டை. ஓடவில்லை. நின்றாள். இதுவரைக்கும் உறுதி. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது. முகாமில் இருந்தபோது, கத்தின குரல் வந்த பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள் என்று சேர்ந்தது. வீடு கட்டிய வருடம், கையில் எதையோ வைத்திருந்தாள் என்று சேர்ந்தது. அந்தச் சிரிப்பு எப்போது சேர்ந்தது? இருநூறு மீற்றரில் ஒரு பிள்ளையின் சிரிப்புத் தெரியாது, எந்தக் கண்ணுக்கும் தெரியாது, ஆனாலும் அவருக்குத் தெரிகிறது, முன்பல் இல்லாத வாய்கூடத் தெரிகிறது. ஷெல் என்று யாரோ கத்துகிறார்கள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் பங்கருக்குள் பாய்கிறார்கள், இவள் மட்டும் அப்பா சொல்லிக்கொடுத்த பொருளை நம்பிக்கொண்டு நிற்கிறாள். அகராதியின் முதலாவது பொருள். இரண்டாவது பொருளும் அதே பக்கத்தில்தான் இருந்தது, இரண்டு வரி கீழே. அவர் கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டுதான் காட்டினார். கட்டைவிரல். அதை அவர் இப்போதும் ஒருமுறை பார்த்தார். அறுபத்தொரு வயது விரல், நகத்தில் மை. அவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. நகுலா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் காயம் ஒன்றும் இல்லை, முதுகில்தான். வலது கை பொத்தியிருந்தது. அவர் மண்டியிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஊரி இருந்தால் குற்றம் தன்னுடையது, இல்லாவிட்டால் இல்லை என்று அந்த நேரத்தில் மூளை அப்படி ஒரு வழக்கு நடத்தியது. உள்ளே மண் இருந்தது. வெறும் ஈரமண். தீர்ப்பில்லாமல் போய்விட்டது, ஊரி கையிலிருந்து விழுந்திருக்கலாம், பொறுக்கக் குனிந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். நகுலா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நினைத்தவுடனே அவர் வழக்கம்போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

குசினியில் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நகுலேஸ்வரி ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி அறைவாசலில் நின்றாள். இறால் மணம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு. குடிக்கேல்லையே நீங்கள்?"

"குடிப்பன்."

"இன்னும் அந்த ஒரு சொல்தானோ?"

"ஓம்."

அவள் மேசையருகே வந்து குனிந்து பார்த்தாள். ஓலெவல் வரை படித்தவள். எழுத்துகளை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் சொன்னாள்.  பிறகு கட்டில் விளிம்பில் போய் இருந்தாள். அவர் கொப்பியை மூடினார். மறுநாள் விடிய அதை முடித்தபோது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தான் போட்ட விதியைத் தானே மீறி இரண்டு பொருளையும் எழுதினார், ஒன்றின்கீழ் ஒன்றாக, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். ஜசிந்தா ரீச்சரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை, கொப்பியை மூடினதோடு சரி.

"ஒண்டு கேப்பன். சொல்லுவியளோ?" என்றாள் நகுலா.

"கேளும்."

"அண்டைக்கு, பிள்ளையை மண்ணிலை தாழ்க்கமுதல், அவளின்ரை கையை ஏன் விரிச்சுப் பார்த்தனீங்கள்?"

பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே. திவசத்துக்குத் திவசம் படையல் வைத்திருக்கிறார்கள், ஒரே கோப்பையில் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி இவளிடம் இருந்திருக்கிறது. அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. வேறு வாக்கியங்கள் வந்தன, அரைகுறையாக, முதலில் கட்டைவிரலைப் பற்றி, பிறகு அகராதியைப் பற்றி, பிறகு ஊரியைப் பற்றி, பிறகு கத்தின குரலைப் பற்றி. கடைசியில், "நான் அப்பிடிச் சொல்லிக் குடுக்காட்டில் பிள்ளை ஓடியிருப்பாள், நகுலா" என்று சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தார்.

"அது எனக்குத் தெரியுமே" என்றாள் அவள்.

"எது?"

"ஷெல் எண்டா ஊரி எண்டு நீங்கள் சொல்லிக் குடுத்தது. பிள்ளை அண்டைக்கே வந்து சொன்னவள். 'அம்மா, மற்ற ஷெல் எது எண்டு எனக்குத் தெரியும், அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, அவர் பாவம்' எண்டு."

மாஸ்ரர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குப் பிறகும் எத்தினை தரம் ஷெல் வந்தது? எல்லாத்துக்கும் ஓடித்தானே வந்தவள். எனக்கு முதலே உள்ளுக்கை குதிப்பாள். நீங்கள் கண்டனீங்கள்தானே?"

கண்டார். ஆம், கண்டிருக்கிறார். மஞ்சள் சட்டை பங்கருக்குள் பாய்கிறது, ஒரு முறை அல்ல, பத்து முறை, இருபது முறை. அதெல்லாம் எங்கே போயிருந்தது? ஒரே ஒரு நிற்றலை வைத்துக்கொண்டு அத்தனை ஓட்டத்தையும் எப்படித் தொலைத்தார்?

"அண்டைக்கு ஏன் ஓடேல்லை?"

"ஒருத்தரும் கத்தேல்லை."

"கத்தினது. எனக்குக் கேட்டது."

"உங்களுக்குக் கேட்டிருக்கும். கஞ்சி வரிசை எங்கை, நாங்கள் எங்கை. எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் கத்தேல்லை. குத்தின சத்தமும் கேக்கேல்லை. கேட்டிருந்தா நான் சும்மா இருந்திருப்பனே?"

இவள் உண்மையைச் சொல்கிறாளா, என்னைத் தேற்றுகிறாளா என்று அவருக்குள் ஒன்று கிளம்பியது. பழகிப்போன மூளை, உடனே வழக்கை மறுபடி எடுத்தது. பிள்ளை அப்படிச் சொல்லியிருப்பாளா, ஏழு வயதில் அவர் பாவம் என்று சொல்லத் தெரியுமா, தெரியும், அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் கையை விரித்துக் காட்டியது எனக்காகத்தானா, நான் அவளுக்குப் பயம் தீர்த்தேன் என்று இருந்தேன், அவளல்லவா. கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. நகுலா அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறால் உடைத்துத் தோல் சுருங்கிய விரல்கள். அவள் இன்னும் முடிக்கவில்லை என்பது அவருக்கு மெல்லத்தான் விளங்கியது.

"நீங்கள் கையை விரிச்சுப் பார்க்க, நான் என்ன நினைச்சனான் தெரியுமே?" என்றாள். "இவர் என்னைத்தான் பிழை பிடிக்கிறார், ஏன் வெளியிலை விட்டனீர் எண்டு கேக்கப்போறார் எண்டு. நீங்கள் கேக்கேல்லை. ஒரு நாளும் கேக்கேல்லை. கேப்பியள், கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நகுலா..."

"நான்தான் போகச் சொன்னது. அவள் உள்ளுக்கைதான் இருந்தவள், வெளிக்கிடமாட்டன் எண்டவள். ஒரே புழுக்கம். பிள்ளைக்கு நெஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது, மூச்சு வாங்குது. கொஞ்சம் வெளியிலை போய்க் காத்துப்பட நில்லு குஞ்சு எண்டு நான்தான் கையிலை பிடிச்சு ஏத்தி விட்டனான்."

இவ்வளவையும் ஒரே சீராகச் சொன்னாள், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. சொல்லி முடித்ததும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவர் பதினைந்து வருடமாகக் குற்றம் சாட்டுகிற பார்வை என்று வாசித்து வந்திருந்தார். சரியாக வாசிக்கவில்லை. அது காத்துக்கொண்டிருக்கிற பார்வை. ஒரு சொல்லுக்காக, அவர் வாயிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒன்றுக்காக. என்ன சொல்ல? உம்மில் பிழையில்லை என்று சொல்லலாம். அதைத்தான் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிறார்கள், அது யார் காதிலும் ஏறுவதில்லை. விதி என்று சொல்லலாம். அவர் எழும்பிப் போய்க் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தக் குழியின் வெக்கை, வேர்வையும் மூத்திரமும் கலந்த நாற்றம், தலைக்கு மேலே தகரம், மூன்று பேர் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு இருந்தது எல்லாம் ஒன்றாக ஏறி வந்தது.

"பங்கருக்குள்ளை காத்து இல்லைத்தான், நகுலா" என்றார். "நான் நிண்டிருந்தாலும் பிள்ளையை வெளியிலைதான் ஏத்தி விட்டிருப்பன்."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினாள். முதலில் தோள் மட்டும் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது, அடிவயிற்றிலிருந்து, பெரிதாக, ஒரு மிருகத்தின் சத்தம்போல. மணலில் பிள்ளையைத் தாழ்த்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை; அன்றைக்கு அழ நேரம் இருக்கவில்லை, அடுத்தது வருமுன் மூடவேண்டியிருந்தது. றோட்டால் சைக்கிளில் போன யாரோ இறங்கிப் படலையடியில் நின்று, "மாஸ்ரர், என்ன, ஏதும் சுகமில்லையோ?" என்று குரல் கொடுத்தார்கள். குணநாயகம் மாஸ்ரர் பதில் சொல்லவுமில்லை, எழும்பிக் கதவைச் சாத்தவுமில்லை. அவள் அழட்டும், ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.